இரைச்சல் ஆறு

சனிக்கிழமை, இரவு பதினொன்றரை. ஃபுஜைரா.
இக்லாஸ் கடைக்குப் பாதி ஷட்டர் இறக்கியாயிற்று.
பரோட்டாக் கல் இன்னும் சூடு. பக்கத்து மேசையில்
சாத்துக்குடி அட்டைப்பெட்டியைக் கிழித்து
நான் வரைந்த நகரம்:
ஆண்டு 2091, கடலுக்கு மேல் நூறு மாடி,
காற்றை மீட்டர் போட்டு விற்கும் ஒரு கம்பெனி.

விதிப் புத்தகம் என் கையெழுத்தில் நாற்பது பக்கம்.
பதினேழாம் பக்கம், இரைச்சல்:
நூறு மீட்டர் தாண்டினால் ஒன்று.
ஒரு கிலோமீட்டர் என்றால் மூன்று.
விளம்பரம் மொய்க்கும் கடைத்தெரு, இன்னும் இரண்டு.
எத்தனை இரைச்சலோ அத்தனை பகடை
கையிலிருந்து கழியும்.

சுதர்சன் மன்னார்க்காரன். பகலில்
அலைபேசிக் கோபுரம் ஏறுகிறவன்,
அறுபது மீட்டர், ஆகஸ்டில், இடுப்பில் கயிறு.
விளையாட்டில் மட்டும் வேனை விட்டு இறங்கமாட்டான்.
அவனுடைய ஊடுருவி, பெயர் கொக்கு,
ஏசி வேனுக்குள் சாய்ந்தபடி
எட்டுப் பகடையில் ஊர்ப் பூட்டையெல்லாம் திறப்பான்.
ஒன்பது வாரமாக அப்படித்தான்.

இன்றைக்கு நான் ஜாமர் வைத்தேன்.
இருபதாவது மாடி. குளிர்பெட்டி உயரம். தரம் ஐந்து.

"ஐந்தா?"
"ஐந்து. தூரத்துக்கு ஒன்று தனி."
வட்டிக்காரனிடம் கொடுப்பதுபோல்
ஒவ்வொன்றாய் எண்ணி வைத்தான்.
மிஞ்சியது இரண்டு.

அப்போதுதான் ஜெசிந்தா தேநீரை இறக்கி வைத்தாள்.
"காவல்காரர்களின் டிரோன் மட்டும் எப்படிப் பறக்கிறது?"
அவர்கள் ஜாமர், அவர்களைத் தொடாது, என்றேன்.
"யார் சொன்னது?"
பதினேழாம் பக்கம்.
"பதினேழாம் பக்கத்தை என் ஷிஃப்டுக்கு அனுப்பு."

துறைமுகக் கோபுரத்தில் கப்பல் வழி பார்க்கிறவள்.
போன செவ்வாய் அவள் திரையில்
நங்கூரம் போட்ட இருபத்துமூன்று கப்பல்கள்
ஒரே நொடியில் கிளம்பிப் பாலைக்குள் வட்டமிட்டனவாம்.
ஒன்று ஒட்டகப் பந்தயத் திடலில், வேகம் நாற்பது நாட்.
ஜன்னலில் பார்த்தால் எல்லாம் அங்கேயே,
விளக்குப் போட்டுக்கொண்டு, அசையாமல்.
ஒரு மாலுமி வானொலியில் மரியாதையாகக் கேட்டானாம்:
"நான் எங்கே இருக்கிறேன் என்று சொல்ல முடியுமா?"

"போட்டது யாரென்று தெரியாது.
போட்டவன் கப்பலும் சேர்ந்துதான் சுற்றியிருக்கும்.
இரைச்சலுக்கு முதலாளி கிடையாது. எழுதிக்கொள்."

எழுதினேன், ஓரத்தில், பென்சிலால்.
டிரோன்கள் பொத்துப்பொத்தென்று விழுந்தன.
எங்கள் கூலிப்படையின் துப்பாக்கி இக்லாஸ் கைதட்டினான்.
அவன் துப்பாக்கியும் வயர்லெஸ்தான் என்றேன்.
நிறுத்தினான்.

சுதர்சன் கேட்டான், "கிட்டப் போனால்?"
தூரத்தின் ஒன்று குறையும்.
"தொட்டால்?"
புரட்டிப் பார்த்தேன். அதற்கு ஒன்றும் எழுதியிருக்கவில்லை.
"கேபிள் குத்தினா இரைச்சல் எங்கால வரும்?" என்றான்,
வேலைக்குப் போகிற குரலில்.

கொக்கு வேனை விட்டு இறங்கினான்.
லிஃப்ட் இல்லை. வெளிச்சுவர். இருபது மாடி.
எந்தக் கொக்கியை முதலில் மாட்டுவது,
காற்று எந்தப் பக்கம் தள்ளும்,
கையுறைக்குள் வியர்வை எத்தனையாவது மாடியில் தேங்கும்,
கீழே நிற்கிறவன் எப்போது போனைப் பார்க்கத் தொடங்குவான்,
கேட்காமலே எல்லாம் சொன்னான்.
ஒரு தடவைகூட நான் உருட்டச் சொல்லவில்லை.

மேலே எட்டினதும்
ஆறு பகடையையும் திருப்பிக் கொடுத்தேன்.
எட்டையும் உருட்டினான்.
ஏழு மேசையில் நின்றன; ஒன்றும் இரண்டும் மூன்றும், ஒன்றும் உதவாது.
எட்டாவது துள்ளி
ஐஸ்கிரீம் ஃப்ரீசருக்கு அடியில் போய்விட்டது.

"கீழே விழுந்தது செல்லாது," இக்லாஸ்.
"அது தாயக்கட்டைச் சட்டம்," ஜெசிந்தா.
நாலு பேரும் தரையில் கன்னம் வைத்துப் படுத்தோம்,
போன் வெளிச்சத்தில்.
ஒரு சோடா மூடி. ஒரு திர்ஹம். செத்த கரப்பான்.
அதற்கப்பால் சிவப்பாக அது,
சுவரில் ஒரு முனை ஊன்றிச் சாய்ந்து,
ஆறும் ஒன்று அல்லாத ஏதோ ஒன்றும் பாதிப் பாதி தெரிய.

ஃப்ரீசர் உறுமிக்கொண்டிருந்தது.
"நகர்த்தினால் புரண்டுவிடும்," என்றாள்.
யாரும் நகர்த்தவில்லை.