உவர்மலை இறக்கம்

வான் என்று நான் சொன்னால்
ஆகாயம் இல்லை.
வெள்ளை நிறம், பதினான்கு இருக்கை,
இடப்பக்கக் கதவைத் தூக்கித்தான் சாத்தவேண்டும்.
பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஏறுவது.

விலை ஏறிய இரவு
தாரகேஸ்வரி கணக்குக் கொப்பியைத் திறந்தாள்.
நான் ஊரைத் திறந்தேன்.
இருபத்திரண்டு வருடம் ஓட்டிய திருகோணமலை
தட்டை என்றே நினைத்திருந்தேன்.
எந்தச் சந்தியில் தரை இரண்டு விரல் சாய்கிறது,
எந்த வளைவில் காற்று முதுகைத் தள்ளுகிறது,
எல்லாம் டீசல் காட்டித்தந்தது.

முதலில் ஏசியை நிறுத்தினேன்.
பிறகு முட்டையை மிதிக்கிற மாதிரி அக்சிலறேற்றரை.
பிறகு வாசல் வாசலாகப் போவதை:
சப்ரினா வீட்டுப் படலையில்
மூன்று தரம் அடிக்கும் ஹோர்னை நிறுத்தி
"சந்திக்கு வந்து நில்லுங்கோ பிள்ளையள்" என்றேன்.
பிறகு மாதக் காசில் எழுநூற்றைம்பது கூட்டினேன்.
பதினான்கு பேர் ஒன்பதாயினர்.
சப்ரினாவும் தம்பியும் அந்த ஐந்துக்குள்.

ஒருமுறை கிண்ணியாவுக்குப் பிள்ளைகளோடு போகையில்
சீனன்குடாப் பற்றைக்குள் அந்தத் தாங்கிகள் தெரிந்தன,
யாருடையதோ யுத்தத்துக்கு
யாரோ கட்டிவிட்டுப் போன இரும்புப் பானைகள்.
"அங்கிள், அவ்வளவு பெரிசுக்குள்ள
ஒரு போத்தல்கூட அள்ளேலாதா?"
கண்ணாடியில் பார்த்தேன்.
கேட்டவன் யாரென்று தெரியவில்லை.
ஒன்பது பேரும் பதிலுக்குக் காத்திருந்தார்கள்.

கடைசியாகக் கண்டுபிடித்ததுதான் உவர்மலை இறக்கம்.
உச்சியில் கியரைக் கழற்றிச் சாவியைத் திருப்பினால்
அடிவாரம் வரை சும்மா.
சும்மா என்பது எவ்வளவு இனிய சொல்.
எஞ்சின் அடங்கியதும் ஊர் பேசத் தொடங்கும்:
யாரோ தேங்காய் திருவுகிறார்கள்,
யாரோ பூட்டிய கதவுக்குள் புருசனை ஏசுகிறாள்,
கீழே துறைமுகத்தில் ஒரு சங்கிலி இழுபடுகிறது.
தினமும் ஒரு நிமிடம்
நான் பணக்காரன்.

அந்தப் புதன்கிழமை மான் நின்றது.
எங்கள் ஊர் மான்கள் சத்தம் கேட்டுத்தான் விலகும்.
என்னிடம் சத்தம் இல்லை.
மிதித்தேன். பிறேக் கல்லாய்க் கிடந்தது.
ஸ்டியரிங் யாரோ எதிர்ப்பக்கம் பிடித்திருப்பதுபோல்.
பிள்ளைகள் கத்தவில்லை, அதுதான் இன்னும் கனவில் வருகிறது.
கான் ஓரத்தில் டயர் உரசி
வானும் நின்றது, மானும் நின்றது.
அது என்னை ஒரு கடன்காரனைப் போலப் பார்த்துவிட்டு
மெதுவாய்க் கடந்தது.

கராஜில் சபூர்தீன் சிரிக்கவில்லை.
"எஞ்சின் நின்றால் பிறேக்குக்கு யார் அண்ணே துணை?"
துணியில் கையைத் துடைத்தபடி கணக்கும் சொன்னான்:
அந்த இறக்கத்தில் நான் மிச்சம் பிடித்தது
ஒரு மேசைக்கரண்டி.
திரும்பக் கிளப்பும்போது அதில் பாதி போய்விடும்.

மேசைக்கரண்டி.
தாரகேஸ்வரியிடம் நான் அதைச் சொல்லவில்லை.

இன்று காலை எஞ்சினோடுதான் இறங்கினேன்.
பக்கத்தால் ஜெமீலின் சைக்கிள் போனது.
பாரில் சப்ரினா, கரியரில் தம்பி,
மிதிக்காத கால்கள், சட்டைக்குள் காற்று.
அவர்களுக்கும் அதே இறக்கம்.
என்னைக் கண்டதும் அவள் வாயைக் குவித்து
"பீப் பீப் பீப்" என்றாள்.
மூன்று தரம்.

பதிலுக்கு அடிக்கலாம் என்று கையை எடுத்தேன்.
கை போய் நின்றது
சாவியில்.