சாட்சிக் கையெழுத்து

வியாழக்கிழமை எங்களுடையது.
சனிக்கிழமை ஆண்களுக்கு.
ஞாயிறு கர்த்தருக்கு என்று எழுதியிருக்கும்,
அன்றும் ஆண்கள்தான்.

பெர்த்திலிருந்து நாலரை மணி நேரம் கிழக்கே,
கோதுமை அறுத்த தாளுக்கும்
உப்பேரிக்கும் நடுவில்
ஒன்பது குழிகள்.
புல் கிடையாது. மழை வந்தால்தானே புல்.
குழியைச் சுற்றி வட்டமாய் மணல்.
காற்று அள்ளிப் போகாமலிருக்க
டிராக்டரில் வடித்த எண்ணெய் ஊற்றிப் பிசைந்த
கறுப்பு மணல்.
வெள்ளைக் காலுறையோடு ஒருத்தி வந்தால்
அவள் நகரத்துக்காரி.

யெர்லிங் வட்டார மகளிர் அமெச்சூர் கோல்ஃப் சங்கம்.
பெயர் நீளம், ஆள் பதினொன்று.
தலைவி ரோஸால்பா, அஞ்சலகத்தில் முத்திரை குத்துபவள்.
பொருளாளர் பதவி இரண்டு வருடமாய்க் காலி.
பணம் ஒரு பிஸ்கட் டப்பாவில் இருக்கிறது,
டப்பா என் வீட்டில் இருக்கிறது.
நான் ஹாண்டிகேப் செயலாளர்.
யாருக்கு எத்தனை அடி கழிப்பது என்று
பெருக்கி வகுத்து ஏட்டில் ஏற்றுபவள்.
கொசுறு என்று நினைக்கிறார்கள்.
கொசுறு இல்லை அம்மா,
நீ தவறவிட்டதன் சராசரி.

ஒரு விதி எனக்குப் பிடிக்கும்:
உன் அட்டையை நீ எழுத முடியாது.
கூட நடப்பவள் எழுத வேண்டும்.
முடிவில் இரண்டு பேரும் கையெழுத்து.

திங்கட்கிழமை இல்மா ஹாட்ரில் புருஷனைப் புதைத்தாள்.
புதன் இரவு போன்:
"நாளைக்கு என்னை யாரோடு போட்டிருக்கிறாய்?"
யாரோடும் போடவில்லை.
"என்னோடு," என்றேன்.

வந்தாள். க்ளெமின் தொப்பி,
காதுவரை இறங்கியிருந்தது.
ஆறு குழிவரை வானிலை பேசினோம்.
ஏழாவதில்
அவள் பந்தை ஒரு காகம் கொத்திக்கொண்டு
வேலிக்கு அப்பால் போய்விட்டது.
"தண்டனை இல்லை," என்றேன், விதி தெரிந்த தெம்பில்.
"இருந்த இடத்தில் இன்னொன்றை வைத்து
ஆட்டத்தைத் தொடரலாம்."

சொன்ன பிறகுதான்
சொன்னது என் காதில் விழுந்தது.

இல்மா அந்த இடத்தையே பார்த்து நின்றாள்.
பிறகு சிரித்தாள்,
தொப்பி கழன்று விழும்வரை சிரித்தாள்,
மூக்கைச் சிந்தினாள்,
வேறு பந்து வைத்தாள்.
அடித்தாள். உப்பில் விழுந்தது.
அடித்தாள். உப்பிலேயே உருண்டது.
வேலிக்கம்பத்தில் ஒன்று.
காற்றை மட்டும் வெட்டிய இரண்டு,
அதுவும் கணக்கில் சேரும்.

நான் ஒன்பது என்று எழுதினேன்.

"ஏழாவதில் எவ்வளவு போட்டாய்?"
"ஒன்பது."
"பதிமூன்று."
"இல்மா, யாரும் கேட்கப்போவதில்லை..."
"அதேதான்," என்றாள்.
"முப்பத்தெட்டு அறுவடைக்கு
வயலுக்குச் சோறு கொண்டுபோயிருக்கிறேன்.
எத்தனை தட்டு? க்ளெமுக்குத் தெரியாது.
எனக்கே தெரியாது.
இது தெரியும். பதிமூன்று. அழித்து எழுது."

ரப்பர் இல்லை.
அடித்துவிட்டு மேலே எழுதினேன்,
திருத்தத்துக்குப் பக்கத்தில் என் முதலெழுத்து.
அவள் மணல் வட்டத்தை இழுபலகையால் சமப்படுத்தினாள்,
நடுவிலிருந்து வெளியே, சுற்றிச் சுற்றி,
எங்கள் இருவர் காலடியும் போகும்வரை.
நான் கொடிக்கம்பைப் பிடித்து நின்றேன்.
உதவியிருக்கலாம். தோன்றவில்லை.

மொத்தம் நூற்று முப்பத்து நாலு.
முதல் பரிசு நெரிடாவுக்கு:
உறைந்த ஆட்டுத்தொடை ஒன்று,
செய்தித்தாளில் சுற்றியது.
இரங்கல் தெரிவிக்க ரோஸால்பா எழுந்தாள்.
"முதலில் கணக்கை வாசி," என்றாள் இல்மா.
வாசித்தாள், பதினொரு பேருடையதையும்.
கடைசிப் பெயருக்கு
எல்லோரும் கைதட்டினோம். அது வழக்கம் இல்லை.

அந்த ஞாயிறு இரவு ஏட்டை எடுத்தேன்.
அவள் ஹாண்டிகேப் இரண்டு ஏறியிருந்தது.
போனில் சொன்னேன்.
"சரியாகப் பார்த்தாயா?"
"இரண்டு தரம்."
"அப்படியானால் ஏறட்டும்."
பின்னால் க்ளெமின் நாய் குரைத்துக்கொண்டிருந்தது.
"இரு, இதற்குச் சோறு வைக்க வேண்டும்,"
என்று வைத்துவிட்டாள்.