அரைப்பேர்

ஹட்டன், டன்பார் வீதி.
கீழே பேக்கரி. மேலே மூன்று பேர், நாலு கணினி, ஒரு ஹீட்டர்.
பதினோரு தோட்டத்துச் சம்பளக் கணக்கைப்
பழைய நிரலிலிருந்து புதியதற்கு மாற்றுவது என் வேலை.

அதை எழுதிய காலத்தில்
ஒரு பெயருக்குப் பத்தெழுத்துத்தான் இடம்.
எழுதியவர் அந்தப் பத்தையும் செலவழிக்கவில்லை.
கே எல் என் டி என்றால் கொழுந்து.
பி ஆர் டி, பிரட்டு.
உயிரெல்லாம் உருவிவிட்டு
மெய்யை மட்டும் வரிசையில் நிறுத்தியிருக்கிறார்.
இதைத் தமிழில் சொன்னால்
கொஞ்சம் பயமாக இருக்கிறது.

கண்டியிலிருந்து சரிபார்ப்பவன் துஷ்மந்த.
அவனது விதிமுறை பதினாறு பக்கம்:
எல்லாம் சிறிய எழுத்து,
சொல்லுக்கும் சொல்லுக்கும் நடுவே அடிக்கோடு,
சுருக்கம் கூடவே கூடாது.
விதி எழுதியவன் பெயருக்கு முன்னால்
ஆறு முதலெழுத்துகள் நிற்கின்றன.
கேட்டேன். "அது பழைய நிரல்,
கை வைத்தால் எல்லாம் உடைந்துவிடும்" என்றான்.
நானும் சிரித்தேன். எனக்கு வைத்த பெயர் விண்ணரசி.
பதிவில் ஓர் ஒற்று உதிர்ந்து வினரசி,
வங்கி அட்டையில் வி. என். ராசி.

இருநூற்றுப் பதினாலாம் வரியில் அது இருந்தது.
ஏ பி.
பக்கத்தில் ஒரே குறிப்பு: தொடாதே.
மாதம் முழுக்கக் கூடிக்கொண்டே போய்
கடைசியில் சம்பளத்தைத் தின்கிறது.
"அட்வான்ஸ் பேமென்டா?" என்றான் துஷ்மந்த.
அடுத்த மேசை ரொஷானா, "அபராதமோ?"

நான் பிறந்த லயத்தில் இதற்கு அகராதி தேவையில்லை.
தராசை விட்டு வருகிறவர்களைக் கேட்பார்கள்,
"இன்னைக்குப் பேரா, அரைப்பேரா?"

தொலைபேசியில் விளக்கினேன்.
மலையில் ஒரு நாள் கூலிக்குப் பேர் என்று பெயர்.
பதினெட்டுக் கிலோ நிறைந்தால் ஒரு பேர்.
பதினேழு என்றால் பாதி.

"அப்போ ஹாஃப் டே" என்று தட்டத் தொடங்கினான்.
இல்லை துஷ்மந்த.
ஏழரைக்குப் பிரட்டு, நாலரைக்குத் தராசு.
நாள் முழுசு. மழை முழுசு.
காலில் ஏறிய அட்டையும் முழுசுதான்.
பாதியானது பேர் மட்டும்.

கொஞ்ச நேரம் அந்தப் பக்கம் சத்தமில்லை,
யாரோ கரண்டியால் தேநீர் கலக்குவதைத் தவிர.

முழுநாள் உழைத்து அரைக்கூலி பெற்ற நாட்கள்:
அத்தனையையும் ஆங்கிலமாக்கி, அடிக்கோடிட்டு,
முப்பத்தொரு எழுத்தில் புதுப் பெயர் வைத்தேன்.
நாற்பத்து மூன்று இடங்களில் மாற்றினேன்.
"நீளம்" என்று ஓரத்தில் குறித்தான்.
மதியத்துக்குப் பிறகு பார்த்தபோது
அந்தக் குறிப்பு அழிந்திருந்தது.

பெயர் மாற்றுவதற்கென்று ஒரு சட்டம் உண்டு:
விடை மாறக்கூடாது.
சோதனைகளை ஓட்டினேன். எல்லாம் பச்சை.
கீழ்ப்பிரிவு, செக்ரோல் எண்பத்தாறு, பெப்ரவரி:
பழையதில் ஒன்பது. புதியதிலும் ஒன்பது.
ஒரு சதம் பிசகவில்லை.
வேலை சுத்தம் என்று எல்லோரும் சொன்னார்கள்.

சம்பளத் துண்டில் மட்டும்
அந்தக் கட்டத்துக்கு இரண்டெழுத்து அகலம்.
அங்கே இன்னும் ஏ பி தான் அச்சாகிறது.
அகலமாக்க வேண்டுமென்றால்
பி. டி.யைக் கேட்க வேண்டுமாம்.

பி. டி. என்றால் பெரிய துரை.
இதற்கு மட்டும் யாரும்
என்னிடம் விரிவு கேட்கவில்லை.