அக்கரைக்கு ஒரு டப்பா

சனிக்கிழமை. காற்று மணிக்கு நூற்றுப் பத்து.
படகு ஓடாது என்று துறைமுகம் சொல்லிவிட்டது.
புந்தா அரேனாஸில், எங்கள் டிக்கெட் அலுவலகத்தில்
நானும் பதினொரு கம்ப்யூட்டர்களும்
கால் சுடவைக்கும் ஒரு ஹீட்டரும்.

பென் டிரைவை முதலில் துடைக்கவேண்டும்.
“இதில் உள்ளதெல்லாம் அழிந்துபோகும்” என்கிறது திரை.
கடையிலிருந்து நேற்று வந்தது, உள்ளே காலி.
ஒன்றுமில்லாததை அழிக்கவும்
என் சம்மதம் வேண்டியிருக்கிறது.

ஒன்றுக்கு நாற்பது நிமிடம்.
பச்சைக் கோடு நகர்கிறதா நிற்கிறதா என்று
பார்த்தபடி மாத்தே உறிஞ்சுகிறேன்.

செய்து வைத்தால் போதாது, செத்துப் பார்க்கவேண்டும்.
நன்றாக ஓடுகிற இயந்திரத்தை அணைத்து
எஃப் பன்னிரண்டைத் தட்டித் தட்டி எழுப்புகிறேன்.
நீலத்திரை கேட்கிறது: என்ன செய்யட்டும்?
ஒன்றும் வேண்டாம், சும்மா கூப்பிட்டேன்.
படகில் வருஷத்துக்கு ஒருமுறை
இருக்கைக்கு அடியிலிருந்து மிதவைச் சட்டைகளை எடுத்து
வாரை இழுத்துப் பார்ப்பார்களே, அதுபோல.

முதலாளி ரெமிஹியோவின் பழைய பெட்டி மட்டும்
பென் டிரைவைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறது.
அதற்கென்று ஒரு சிடி.
சிடி எழுதும் கருவி கிடைத்த இடம்
கழிப்பறைக் காகிதக் கட்டுகளுக்குப் பின்னால்.

எங்கே வைப்பது?
மேசை இழுப்பறையில் என்றால்
தீ வந்தால் மேசையோடு போகும்.
இரும்புப் பெட்டியில் என்றால் சாவி யெர்கோவிடம்;
வெள்ளியானால் யெர்கோ தம்பியின் ஆட்டுப் பண்ணையில்.
எல்லாவற்றையும் இரண்டிரண்டாய்ச் செய்தேன்.
ஞாயிறும் போனது.

ஒரு செட் இரும்புப் பெட்டிக்கு.
இன்னொன்று பிஸ்கட் டப்பாவில்
நீரிணை தாண்டி போர்வெனிருக்கு,
கவுண்டரில் இருக்கும் மிர்த்தாவிடம்.
பூட்டுத் திறக்கும் எண்கள் அச்சான தாள் மட்டும் என்னிடம்:
பெட்டியும் சாவியும் ஒரே கையில் வேண்டாம்.
“உன் அக்கறையைப் படகேற்றி அக்கரைக்கு அனுப்புகிறாயா?”
என்று சிரித்தான் யெர்கோ.
கட்டணம் மட்டும் கேட்கவில்லை.

ஆகஸ்டில் செத்தது
பதினொன்றில் எதுவும் இல்லை.
பன்னிரண்டாவது.
மிர்த்தாவின் மேசைமேலேயே இருந்தது,
தண்ணீருக்கு அந்தப் பக்கம் என்பதால்
என் விரல்கள் எண்ணாமல் விட்டது.

“எலியானா, ஆட்டு லாரிகள் ஏழு நிற்கின்றன,
டிக்கெட்டைக் கையால் எழுதுகிறேன், கார்பன் தாள்கூட இல்லை.”
டப்பாவைத் திற, நான்கை எடு என்றேன்,
உன்னுடையதும் அதே மாடல்தான்.
செருகினாள்.
“துவக்க ஏதும் இல்லை என்கிறது.”
கொஞ்ச நேரம் காற்று மட்டும்.
பிறகு, மெதுவாக:
“அரியேல் எடுத்தான் போல. கல்யாணத்தில் பாட்டுப் போட.”

ஒன்பதை எடு.
அடுத்தவர் எண்தான்; ஆபத்துக்குப் பாவமில்லை.
நீலத்திரை வந்தது. கூடவே பூட்டு.
என் தாளின் கடைசி வரி,
ஒருநாளும் நான் கீழேவரை படிக்காத வரி,
அவளுடையது.

மூன்று ஒன்று ஏழு சைபர் இரண்டு சைபர்.
“சைபர் இரண்டு… அப்புறம்?”
நடுவில் ஓர் இலக்கத்தைக் காற்று தின்றுவிட்டது.
மறுபடி முதலிலிருந்து.
ஆறு ஆறாய் எட்டுத் தடவை,
நீரிணைக்கு மேலே இரண்டு பெண்கள்
எண்களை மட்டும் பேசிக்கொண்டோம்.
பின்னால் ஆடுகள் கத்தின.
“வந்துவிட்டது” என்று சொன்னவள்
போனை வைக்கக்கூட இல்லை,
முதல் லாரிக்காரனைக் கூப்பிடப் போய்விட்டாள்.

அடுத்த படகில் எண் நான்கு திரும்பியது,
மன்னிப்பாக ஒரு புட்டி ருபார்ப் ஜாமோடு.
செருகினேன். இருநூற்றுப் பன்னிரண்டு ராஞ்செரா பாட்டுகள்.
“இதில் உள்ளதெல்லாம் அழிந்துபோகும்.”
ஒன்றை மட்டும் கடைசிவரை கேட்டேன்.
பாடியவனுக்குச் சுருதி நிற்கவில்லை.
ஆம் என்று அழுத்திவிட்டு
வேறொரு பென் டிரைவில் நாடா ஒட்டி
பன்னிரண்டு என்று எழுதினேன்.