டோக்கன்

தை மாதம் அனுப்பிய விலைப்பட்டியலுக்கு
மாசி முடிந்தும் பதில் இல்லை.
நாற்பத்தோரு ஹோட்டல்கள்.
நீலக்கால் நண்டின் சதை, அரைக் கிலோ டப்பா,
ஐஸ் பெட்டியில் மண்டபத்திலிருந்து ஒரே இரவில்
மதுரை, கோவை, கொச்சி.
நண்டுக்குக் குறையில்லை.
உடைக்கும் பெண்கள் பதினோரு பேர்
காலை ஐந்தரைக்கே கையுறை மாட்டிவிடுகிறார்கள்.
பிறகு எங்கே போய்த் தொலைகின்றன
என் கடிதங்கள்?

கோவைக்குப் போன் போட்டேன்.
"மெயில் எதுவும் வரலையே மேடம்" என்றவர்
கொஞ்ச நேரம் தேடிவிட்டு
குரலைத் தாழ்த்திச் சொன்னார்:
"ஸ்பேம்ல கிடக்கு."
என் வீட்டுப் பிள்ளையை
போலீஸ் ஸ்டேஷனில் பார்த்தவர் சொல்வது போல.

கூட யார் யார் இருந்தார்களாம்?
கோடி ரூபாய் லாட்டரிக்காரன்,
வழுக்கையில் முடி முளைக்கும் தைலம்,
சொத்தை விட்டுச் செத்துப்போன ஏதோ நாட்டு இளவரசன்.
நடுவில் நான், ரெக்சலின்,
தென்கடல் நண்டு, மண்டபம்,
ஜிஎஸ்டி எண்ணோடு.

அன்று ராத்திரி என் கடிதத்தை நானே
சுங்கக்காரன் மாதிரி பிரித்துப் பார்த்தேன்.
தலைப்பு முழுக்க ஆங்கிலப் பெரிய எழுத்து.
மூன்று ஆச்சரியக்குறி.
'இலவசம்' இரண்டு இடத்தில்.
உள்ளே ஒரு வரிகூட இல்லை,
ஒரே ஒரு நண்டுப் படம், அதுவும் பளபளவென்று.
ஏலக் கொட்டகையில் இப்படிக் கத்துகிறவனிடம்
நானே வாங்க மாட்டேன்.

டொமைன் விற்ற கம்பெனியில் போனெடுத்த பெண்
எஸ்பிஎஃப், டிகேஐஎம், டிமார்க் என்றாள்.
எனக்கு அது ஜெட்டி வழியாகத்தான் ஏறியது.
முதலாவது டோக்கன்:
இந்தப் பெயரில் இன்ன சர்வர்தான் கிளம்பும் என்று
முன்கூட்டியே எழுதி வைப்பது.
இரண்டாவது ஐஸ் பெட்டி மேல் ஒட்டும் சீல்:
வழியில் எவனும் கை வைக்கவில்லை.
மூன்றாவது ஒரு உத்தரவு:
இரண்டும் பொய்யானால் மடக்கு,
எனக்கும் தகவல் சொல்.
இத்தனை நாளும் நான்
பதிவெண் இல்லாத வள்ளத்தில்
இருட்டில் கரையேறிக்கொண்டிருந்திருக்கிறேன்.
இந்தக் கடலோரத்தில் அப்படி வருகிறவளை
யார்தான் சந்தேகப்பட மாட்டார்கள்.

ஆயிரத்தைந்நூறு கொடுத்து வாங்கிய
இரண்டாயிரம் முகவரிகளை
கணக்கெழுதும் முனீஸ்வரி அழித்தாள்.
பாதி செத்த முகவரி; மீதி, கேட்காதவர்கள்.
இழுவைமடி போட்டு அள்ளியதில்
சங்கும் பாசியும் செருப்பும் வருமே, அப்படி.
இனி நாளுக்கு ஐந்து கடிதம், பெயர் சொல்லி.
அடியில் ஒரு வரி:
வேண்டாமென்றால் இங்கே அழுத்துங்கள்.
அதைச் சேர்க்கத்தான் விரல் தயங்கியது.
சினை நண்டைத் திரும்பக் கடலில் விடச் சொல்லி
வள்ளக்காரர்களிடம் சண்டை போடுகிற விரல்.

பங்குனியில் ஒரு மத்தியானம், கரண்ட் வந்தபின்,
என் ஸ்பேமை முதன்முறையாகத் திறந்தேன்.
கொச்சி ஷாஜன். மூன்று கடிதம்.
"மாதிரி அனுப்ப முடியுமா?"
"வாரம் எண்பது டப்பா எடுத்துக்கொள்கிறோம்."
"பதில் இல்லாததால் வேறிடம் பார்த்துவிட்டோம்.
மன்னிக்கவும்."

மன்னிக்கச் சொல்லி
அவர் கேட்டிருக்கிறார்.

அவருக்குக் கீழே
விருதுநகரில் தெர்மாகோல் பெட்டி செய்கிறவர்,
சாயல்குடியில் பனங்கற்கண்டு விற்கிறவர்,
எல்லாம் பெரிய எழுத்து, எல்லாம் இலவசம்,
ஆளுக்கு மூன்று ஆச்சரியக்குறி.
லாட்டரிக்காரனை விட்டுவிட்டு
மற்றவர்களை ஒவ்வொருவராக
'ஸ்பேம் அல்ல' என்று வெளியே எடுத்தேன்.
பெட்டிக்காரருக்கு எழுதினேன்:
விலை சரி. ஐம்பது அனுப்புங்கள்.
தலைப்பில் கத்தாதீர்கள்.

ஷாஜனுக்குத்தான் நேரமானது.
நாலு வரி. படமில்லை.
தப்பு என் பக்கம் என்று ஒரு வரி.
வெளியே டோக்கன் இல்லாத நாள்,
விசைப்படகுகள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு கிடந்தன.
அனுப்பு என்பதை அழுத்தினேன்.
அழுத்திவிட்டு
எதற்கும் இருக்கட்டுமென்று
போனும் போட்டேன்.