தரம் ஒன்று

டிசம்பரில் ஓலு நகரத்துக்குச் சூரியன் வருவது
வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போடத்தான்.
அதனால் சிவப்பைப் பார்க்க
எங்களிடம் ஒரு விளக்கு இருக்கிறது.
அசல் பகலைப் போலவே எரியும் என்று
அதற்குச் சான்றிதழும் உண்டு.

கலைமான் எலும்பில் எடுத்த கொலாஜன்.
அலசி, உலர்ந்து, வெண்பஞ்சாக வந்திருக்கிறது.
யாரோ ஒருவருடைய உடைந்த தாடைக்குள்
அது குடியேற வேண்டும்.
அதற்கு முன் முப்பது கினிப்பன்றிகள்
சரி என்று சொல்ல வேண்டும்.
சொல்ல வாய் இல்லை, விலா இருக்கிறது.

மூன்று வாரத்துக்கு முன் முதல் ஊசி.
முதல் முறை உடம்பு ஒன்றும் பேசாது,
வந்தவர் முகத்தைக் குறித்து வைத்துக்கொள்ளும்.
மறுபடி கதவைத் தட்டும்போதுதான் தெரியும்
மறந்துவிட்டதா, காத்திருந்ததா என்று.

நேற்று ஒட்டுத்துணியைப் பிரித்தேன்.
இன்று வாசிப்பு.
வாசிப்பு என்றுதான் சொல்வோம்:
மழித்த தோல், நான்கே எண்கள்.
ஒன்றுமில்லை என்றால் சுழி,
வீங்கிச் சிவந்தால் மூன்று.
செம்மை இல்லாதிருப்பதே இங்கே செம்மை.

என் கோட்டின் சரசரப்பைத்
தீவனப் பை என்று நினைத்து
பதினான்காம் எண் விசிலடிக்கிறது.
தூக்கினால் உள்ளங்கையில் அதன் இதயம்
தையல் இயந்திரம்.
விலாவில் ஏதோ இளஞ்சிவப்பு,
மாத்திரை அளவுகூட இல்லை.
விளக்கைத் தள்ளிப் பார்த்தேன்.
இழுத்துப் பார்த்தேன்.
ஒன்று என்று எழுதினேன்.

எல்லாம் முடிந்த பின் அவற்றை என்ன செய்வீர்கள் என்று
விருந்துகளில் கேட்பார்கள்.
உப்பை இந்தப் பக்கம் தள்ளுங்கள் என்பேன்.

வெய்க்கோ தனியாக வாசிப்பார்.
என் தாளை அவர் பார்க்கக் கூடாது, அவர் தாளை நான்.
கண்ணாடிச் சுவருக்கு அப்பால்
அவரும் பதினான்கிடம் நின்றார்,
தொலைந்த சாவியைத் தேடுகிறவர் போல.

மாலையில் இரண்டு தாள்களையும் சேர்த்து வைத்தோம்.
பதினான்குக்கு அவர் போட்டது சுழி.
இருபத்தேழுக்கு அவர் ஒன்று, நான் சுழி.
உறையைப் பிரித்தால்
இருபத்தேழுக்குக் கொலாஜனே போகவில்லை,
வெறும் உப்புநீர்.

"கத்தி பட்டிருக்கும்" என்றார்.
மழித்தது நான்.
"பட்டிருக்கலாம்" என்றேன்.
மையால் எழுதியதை யாரும் திருத்தவில்லை.
நாளை இன்னொரு வாசிப்பு இருக்கிறது.

வெளியே மைனஸ் இருபத்தாறு.
பேருந்து நிறுத்தத்தின் மஞ்சள் விளக்கடியில்
வெய்க்கோ என் கன்னத்தைப் பார்த்து
"இரண்டு, ஔனே" என்றார்.
"சந்தேகமே இல்லாத இரண்டு."

அவர் முகத்தையும் நான் பார்த்தேன்.
விதிப்படி
என் எண்ணைச் சொல்லவில்லை.