பின்னணி கறுப்பாக இல்லை

ஜாப்ரியா, ஆகஸ்ட், பகல் இரண்டரை.
வேன் மீட்டரில் நாற்பத்தொன்பது எரிகிறது.
புகார்ச் சீட்டில் சூப்பர்வைசர் எழுதியது இவ்வளவுதான்:
ஏசி சத்தம். பார்ட்டி ஒரு மாதிரி.

அபு ஃபவாஸ் செருப்பைக் கழற்றச் சொன்னார்,
பிறகு கைக்கடிகாரத்தையும்.
அது டிக் டிக் என்கிறதாம்.

ஜன்னலில்லாத அறை. சுவரெல்லாம் பஞ்சு.
ஆளுயர ஸ்பீக்கர் இரண்டு
சம்பள நாளில் கடன் கேட்க வந்தவர்கள் மாதிரி
லேசாக உள்ளே திரும்பி நிற்கின்றன.
எதிரே ஒரே ஒரு நாற்காலி.
இந்த அறைக்கு விருந்தாளி கிடையாது.

யா முஹந்திஸ், என்று ஆரம்பித்தார்.
இந்தப் பெட்டியின் குரல் ஹார் என்று அரபியில்,
கரம் என்று இந்தியில்,
கடைசியில் நெஞ்சைத் தொட்டு, வார்ம்.
குவைத்துக்கு வந்து பதினோரு வருஷத்தில்
சூட்டைப் புகழும் மனிதரை
முதல்முறை பார்க்கிறேன்.

பழைய ஆம்ப்ளிஃபயர் வெளிச்சமாம்,
காது கூசுமாம்.
அதற்கு முந்தையது சேறு.
புது ஒயர் போட்டதும் திரை விலகியது;
இருநூறு மணி நேரம் ஓடினால் இன்னும் பழுக்கும்.
அந்த ஒயர் விலைக்கு
எங்கள் வேனை இரண்டு தரம் வாங்கலாம்.
பாடகி இதோ, இங்கேதான் நிற்பாள் என்று
தரைவிரிப்பில் ஓர் இடத்தைக் காட்டினார்.
அவளை மிதித்துவிடாமல்
சுற்றிக்கொண்டு போனேன் டக்ட் பக்கம்.

எல்லாம் இருக்கிறது, என்றார்,
பின்னணிதான் கறுப்பாக இல்லை.
உன் ஏசி சாம்பல் பூசுகிறது.

எங்களுக்கும் உண்டு சொற்கள்.
கம்ப்ரஸர் இருமும். முனகும். மூச்சு வாங்கும்.
பேரிங் போனால் பல்லைக் கடிக்கும்.
கேஸ் கசிந்தால் பாம்பு.
ஹெல்பர் சஜ்ஜாத் வைத்திருக்கும் சொல்லை
இங்கே எழுத முடியாது.
ஒருவரும் இதைக் கேட்க நாற்காலி போட்டதில்லை.

பிரேக்கரை இறக்கினேன்.
விசிறி நின்றது.
தகரம் ஒருமுறை சொடுக்கியது, யோசித்து, இன்னொரு முறை.
சமையலறையில் ஃபிரிட்ஜ்.
அதற்குப் பின்னால் எதிர்க் கட்டிடத்து மாடி,
அதற்கும் பின்னால்
நான்காம் ரிங் ரோடு வரை எத்தனையோ ஆயிரம் மோட்டார்கள்.
கறுப்பு இந்த ஊரில் எங்கே கிடைக்கும் அபு ஃபவாஸ்?
கேட்கவில்லை. கேட்டால் அதையும் ரிப்பேர் செய்யச் சொல்வார்.

தட்டில் முள் இறங்கியது.
வூத் மட்டும் முதலில்.
மூன்றாம் நிமிஷம் அடித்தந்தி அதிர்ந்தபோது
கூடவே ஒரு ஈ.
இடப்பக்கப் பெட்டி, பின் தகடு, கீழ் ஸ்குரூ.
கண்ணை மூடிக்கொண்டே சொல்வேன்.

அவரும் கண்ணை மூடித்தான் இருந்தார்.
கேட்கிறதா, என்றார் ரகசியமாக,
அந்த மரத்தின் நார்?

டக்டைப் பார்ப்பதுபோல் பின்னால் போய்
தகட்டில் கட்டைவிரலை வைத்தேன்.
ஈ செத்தது.
அவர் புருவம் சுருங்கியது.
என்னவோ போய்விட்டது, என்றார், உயிர் மாதிரி என்னவோ.
விரலை எடுத்தேன்.
ஆ, என்றார்.

சட்டைப் பையில் ஸ்குரூடிரைவர் இருந்தது.
கால் திருகு போதும்.

பாட்டு முடிய ஒன்பது நிமிஷம்.
இருவரும் நனைந்துவிட்டோம்.
அவர் மூக்கு நுனியிலிருந்து ஒரு சொட்டு
நாற்காலிக் கையில் விழுந்தது
கேட்டது.

விசிறிக்கடியில் ரப்பர் துண்டு நான்கு வைத்தேன்.
ஆறு தினார். கையெழுத்து வாங்கினேன்.
ஸ்பீக்கர் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

வேனில் சஜ்ஜாத் சாவியைத் திருப்பியதும்
டேஷ்போர்டு கடகடவென்றது,
சீட்டுக்கடியில் எங்கோ ஒரு நட்டு உருண்டது.
வார்ம், என்றேன்.
அவன் ஏசியைக் கூட்டினான்.